காசு கொடுக்காமல் பாட்டு இறக்கலாமா? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, மஞ்சூர் என்று எங்கே போனாலும் நெட்டிலிருந்து பாட்டு இறக்குவது பற்றி எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களில் ஜீப் ஓட்டுபவர், செல்போன் கடைக்காரர், கல்லூரி மாணவர், ஹோம்ஸ்டே நடத்துபவர், சொந்தக் காசில் படுக (நீலகிரிப் படுகர்களின் மொழி) பாட்டுப் போடுபவர் எல்லாரும் உண்டு. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். சட்டமும் நியாயமும் ஒத்துப் போகாத இடங்களில் இரண்டையும் தனித்தனியே சொல்லியிருக்கிறோம்.

நெட்ல சும்மா கிடக்கிற பாட்டைத்தானே எடுக்கிறோம், இதைப் போய் திருட்டுன்னு சொல்றாங்களே?

சட்டப்படி இதற்குப் பெயர் திருட்டு இல்லை. திருட்டு என்றால் ஒருவர் கையில் இருந்த பொருள் அவர் கையை விட்டுப் போக வேண்டும். பாட்டை நகலெடுத்தால் மூலம் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் இதற்கென்று 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. நகலெடுப்பது, விற்பது, பொதுமக்கள் கேட்கும்படி செய்வது எல்லாம் உரிமையாளரின் உரிமை. அவர் சம்மதம் இல்லாமல் செய்தால் உரிமை மீறல்.

பெயர் வேறு என்பதால் விஷயம் லேசாகிவிடாது. இந்த நகலால் யாருக்கு வர வேண்டிய காசு வராமல் போகிறது என்று பார்த்தால் போதும். ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் அதன் பதில் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்.

ஒரு பாட்டுக்கு எத்தனை பேர்தான் சொந்தக்காரங்க?

குறைந்தது மூன்று உரிமைகள் ஒரு பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வரி எழுதியவருடையது ஒன்று, மெட்டுப் போட்டவருடையது ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. ஒலிப்பதிவு பெரும்பாலும் செலவு செய்த தயாரிப்பாளரிடமோ ஆடியோ கம்பெனியிடமோ இருக்கும். இது போக, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக உண்டு.

காலக்கணக்கும் வேறு வேறு. வரியும் மெட்டும் ஆக்கியவரின் வாழ்நாள் முழுக்க, அவர் இறந்த பிறகு மேலும் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். பழைய பாட்டு பற்றிய கேள்வி முழுக்க இதில்தான் நிற்கிறது.

மாசாமாசம் ஆப்புக்குக் காசு கட்டினாலும் கம்பெனிக்குத்தானே போகுது? பாடுனவனுக்கு என்ன கிடைக்குது?

பாதி உண்மை. பெரும்பாலான ஆப்களில் நீங்கள் கட்டும் காசு நீங்கள் கேட்ட பாடகருக்கு நேராகப் போவதில்லை. எல்லார் காசும் ஒரே குவியலாகச் சேர்ந்து, நாட்டில் மொத்தம் எத்தனை முறை எந்தப் பாட்டு ஓடியது என்ற விகிதத்தில் பிரிகிறது. ஸ்பாட்டிஃபை தன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறது. அது முதலில் கம்பெனி கைக்குப் போகும்; பாடகருக்கு எவ்வளவு என்பது அவர் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 2024-லிருந்து இன்னொரு விதியும் உண்டு: 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு அங்கே காசே கிடையாது.

வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர் நிலைமை 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் மாறியது. அதற்கு முன் எல்லாவற்றையும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இப்போது படத்தைத் தியேட்டரில் ஓட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் ராயல்டியில் சமபங்கு அவர்களுக்கு உண்டு. அதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. 1969-ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கம் அந்தக் காசை வசூலித்துப் பிரிக்கிறது.

பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை இல்லை என்று இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். கடையில் தூள் விற்கும் விலைக்கும் சிறு விவசாயி கையில் வாங்குவதற்கும் சம்பந்தமே இருக்காது. அதற்காக அவர் தோட்டத்தில் இறங்கி இலையைப் பறித்துக்கொண்டு போனால் ஃபாக்டரிக்கு என்ன நஷ்டம்? கிடைக்கிற கொஞ்சமும் விவசாயிக்கு இல்லாமல் போகும். பாட்டு விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான்.

நான் ஒருத்தன் டவுன்லோட் பண்றதுல என்ன நஷ்டம் வந்துடப் போகுது?

பெரிய நடிகர் படத்துப் பாட்டாக இருந்தால், கணக்கில் தெரியாத அளவுதான். படுக பாட்டாக இருந்தால் தெரியும். 2011 கணக்கெடுப்பில் படுக மொழி பேசுவோர் சுமார் 1.3 லட்சம் பேர். ஒரு படுக பாட்டுக்குக் கேட்பவர்களே அவ்வளவுதான். அதிலும் குழந்தைகளையும் பாட்டுக் கேட்காதவர்களையும் கழிக்க வேண்டும்.

யூட்யூபில் நீளமான வீடியோக்களுக்கு முழு விளம்பர வருமானம் வர, சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 5 நிமிடப் பாட்டு ஒன்றை மட்டும் வைத்து அதை எட்ட, 48,000 முறை முழுதாக ஓட வேண்டும். இப்போது அந்தப் பாட்டை யாரோ இறக்கித் தன் சேனலில் "சூப்பர் ஹிட் படுகா சாங்ஸ்" என்று ஏற்றுகிறார். அங்கே 20,000 பார்வை ஓடுகிறது. இன்னொரு 10,000 பேர் வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3-ஐக் கேட்கிறார்கள். ஊரெல்லாம் பாட்டு ஒலிக்கிறது, பாடியவர் சேனல் 4,000 மணியைத் தொடவில்லை. ஸ்டுடியோ வாடகையும் கீபோர்டுக்காரர் சம்பளமும் அவர் கையை விட்டுப் போனது போனதுதான்.

சிக்னலே இல்லாத ஊர்ல டவுன்லோட் பண்ணாம எப்படிக் கேக்கிறது?

டவுன்லோட் பண்ணுவதில் தப்பே இல்லை. எங்கிருந்து என்பதுதான் விஷயம். குந்தா பக்கமோ மசினகுடி ரோட்டிலோ போகிறவர்கள் காசு கட்டிய ஆப்பில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டு வரை, 5 கருவிகளில் இறக்கலாம். 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆப்பை நெட்டில் இணைக்க வேண்டும். மறந்தால் இறக்கியதெல்லாம் ஓடாது. வீட்டு வைஃபையில் மாதம் ஒருமுறை ஆப்பைத் திறந்தால் போதும். எல்லாத் திட்டத்திலும் இந்த வசதி இல்லை, வாங்கும் முன் பாருங்கள்.

இப்படி இறக்கியதை பென்டிரைவில் போட முடியாது. பூட்டிய வடிவத்தில் இருக்கும், அந்த ஆப் மட்டுமே திறக்கும். ஜீப்பில் பென்டிரைவ் ஓட்டை மட்டும் இருந்தால், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கிப் போனிலிருந்து ஓட்டலாம். நிலையம் எதுவும் இல்லாத அலைவரிசையாகப் பார்த்து வையுங்கள். பென்டிரைவ்தான் வேண்டும் என்றால் பாட்டை விலைக்கு வாங்குங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் வாங்கும் எம்பி3-க்குப் பூட்டு கிடையாது. பாட்டு விற்றால் தளம் எடுப்பது 15 சதவீதம், பணம் அனுப்பும் கட்டணம் போக மீதி பாடியவருக்கு.

வானொலியை மறந்துவிடாதீர்கள். ஊட்டி வானொலி நிலையம் படுக நிகழ்ச்சிகளும் ஒலிபரப்புகிறது. கேட்கிறவருக்கு அது இலவசம், முறையானதும்கூட.

யூட்யூப் லிங்கைப் போட்டா எம்பி3 தர்ற சைட்டுல 320 கேபிபிஎஸ்னு இருக்கே, நல்ல குவாலிட்டிதானே?

இல்லை. யூட்யூபில் வரும் ஒலி ஏற்கனவே சுருக்கப்பட்டது, பொதுவாக 128 முதல் 160 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் தகவல் என்ற அளவு). அதை எடுத்து 320-க்கு மாற்றினால் பால் கூடாது, தண்ணீர்தான் கூடும். 5 நிமிடப் பாட்டு 128-ல் 4.8 எம்பி, 320-ல் 12 எம்பி. காதுக்கு வித்தியாசம் இல்லை, மெமரி கார்டில் இடம் மட்டும் போகும். சந்தேகம் இருந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். உண்மையான 320 கோப்பில் ஒலி 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை தெரியும். மாற்றியதில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து வெட்டியதுபோல நிற்கும்.

அந்தத் தளங்களில் "டவுன்லோட்" என்று நாலு பட்டன் இருக்கும், மூன்று விளம்பரம். பாட்டுக்குப் பதில் ஏபிகே கோப்பு (போனில் ஆப் நிறுவும் கோப்பு) இறங்கினால் திறக்காமல் அழியுங்கள். "அறிவிப்புகளை அனுமதி" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுமதித்தால் நாளெல்லாம் "உங்கள் போனில் வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கும். யூட்யூபின் விதிகளும் தளம் தரும் வழியைத் தவிர வேறு வழியில் இறக்குவதைத் தடுக்கின்றன.

போலீஸ் பிடிக்குமா?

தெரிந்தே உரிமையை மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதித் தண்டனையைக் குறைக்கலாம். வீட்டில் உட்கார்ந்து பத்துப் பாட்டு இறக்கியவரைத் தேடி யாரும் மலையேறி வருவதில்லை. நடவடிக்கை தளம் நடத்துபவர், விற்பவர் மீதுதான் பாய்கிறது. ஆனால் பிடிபட மாட்டோம் என்பதும் சரி என்பதும் வேறு வேறு பேச்சு.

செல்போன் கடையில காசு கொடுத்துத்தான் மெமரி கார்டுல ஏத்தினேன். நான் இலவசமா எடுக்கலையே?

காசு கொடுத்தீர்கள், தவறான ஆளிடம். அதில் ஒரு பைசாகூடப் பாட்டுக்காரருக்குப் போகவில்லை. இலவசமாக இறக்குவதைவிட இது ஒருபடி மோசம் என்பது எங்கள் கருத்து; பாட்டுக்கென்று காசு செலவழிக்கத் தயாராக இருந்த ஒருவரின் காசு வழி மாறிப் போயிருக்கிறது.

கடைக்காரருக்கு ஒரு வார்த்தை: இது சொந்தப் பயன்பாடு இல்லை, வியாபாரம். பிரிவு 63 குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருகிறவருக்கு ஆப் போட்டுக் கொடுத்து, வைஃபையில் இறக்கியும் கொடுத்து, அந்த வேலைக்குக் கூலி வாங்குங்கள். அதில் வம்பு இல்லை.

நானே வாங்கின சிடியை போனுக்கு மாத்தலாமா?

தாராளமாக. பிரிவு 52 சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான நகலை அனுமதிக்கிறது. அதே பிரிவைக் காட்டித் திருட்டுத் தளத்தில் இறக்கியதை நியாயப்படுத்துவது கடினம். மாற்றிய பிறகு சிடியை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போனில் நகலை வைத்துக்கொள்வதும் சரியல்ல.

அறுபது வருஷம் ஆன பாட்டு எல்லாருக்கும் பொதுவாமே?

ஒலிப்பதிவு மட்டும். 2026 தொடங்கும்போது, 1965 முடிய வெளியான ஒலிப்பதிவுகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் மேலே சொன்ன மூன்றில் அது ஒன்றுதான். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவின் காலம் எப்போதோ முடிந்தது. பாட்டு எழுதிய பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார். அவர் வரிகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தியாகராஜர் 1847-லும் பாரதியார் 1921-லும் மறைந்தார்கள். அவர்கள் பாட்டை யாரும் பாடலாம், பதியலாம். போன வருடம் ஒருவர் பாடிப் பதிந்த தியாகராஜர் கீர்த்தனையை இறக்கினால், கீர்த்தனை பொதுச் சொத்து, ஒலிப்பதிவு பாடியவருடையது.

கல்யாணத்துக்கும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட லைசென்ஸ் வேணுமா?

வேண்டாம். மதச் சடங்குகளுக்குப் பிரிவு 52 விலக்குத் தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை அறிவிப்பாகச் சொன்னது. யாராவது கல்யாண மண்டபத்தில் வந்து காசு கேட்டால் அதைக் காட்டுங்கள். விலக்கு பாட்டை ஒலிக்கச் செய்வதற்குத்தான். அந்தப் பாட்டு எங்கிருந்து இறங்கியது என்பதற்கு அது பதில் சொல்லாது.

ஹோம்ஸ்டேயில கேம்ப்ஃபயர் போட்டு என் போன்ல இருந்து பாட்டு விடறேன். நான் சந்தா கட்டியிருக்கேனே?

அந்தச் சந்தா தனிநபர் கேட்பதற்கு. விருந்தினரிடம் காசு வாங்கும் இடத்தில் பாட்டுப் போட்டால் அது பொது ஒலிபரப்பு. ஒலிப்பதிவுக்கு ஒன்று, வரி-மெட்டுக்கு ஒன்று என்று இரண்டு உரிமம் தேவைப்படும். இரண்டாவதுக்குத்தான் மேலே சொன்ன ஐபிஆர்எஸ். புத்தாண்டு இரவு டிஜே வைக்கும் ரிசார்ட்டுகள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. விருந்தினர் தானே கிட்டார் வாசித்துப் பாடினால் அதற்கெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம் என்றே சொல்வோம்.

சினிமா மெட்டுல படுக வரி போட்டுப் பாடினா, வரி என்னுதுதானே?

வரி உங்களுடையது, மெட்டு உங்களுடையது இல்லை. வெளியாகி 5 ஆண்டு கடந்த பாட்டை ராயல்டி கட்டி மறுபடி பாடிப் பதிய பிரிவு 31-சி வழி தருகிறது. அதிலும் தொழில்நுட்பத் தேவை இல்லாமல் பாட்டை மாற்றக் கூடாது. வரியை அடியோடு மாற்றுவது அந்த வழிக்குள் வராது. யூட்யூபில் ஏற்றினால் மெட்டை அடையாளம் கண்டு, வருமானம் கம்பெனிக்குத் திரும்பலாம். படுக பாட்டுக்கென்றே எத்தனையோ மெட்டுகள் இருக்கும்போது ஏன் அந்த வம்பு?

பழைய படுக கேசட் இருக்கு. பாடுனவர் போயிட்டார், வெளியிட்ட கடையும் மூடியாச்சு. எங்கேயும் விலைக்குக் கிடைக்காது. இதையும் ஏத்தக் கூடாதா?

இந்தப் பட்டியலிலேயே கடினமான கேள்வி இது. சட்டப்படி உரிமை பாடியவர் குடும்பத்திடமோ வெளியீட்டாளர் வாரிசிடமோ இருக்கிறது. ஆக்கியவர் இறந்தோ தேடிக் கிடைக்காமலோ போன படைப்புகளுக்கு உரிமம் கேட்டு மனுப் போட பிரிவு 31-ஏ வழி வைத்திருக்கிறது. ஒரு கேசட்டுக்காக அந்தப் பாடு படுபவர்கள் குறைவு. அதற்குள் மலை ஈரத்தில் டேப் பூஞ்சை பிடித்துப் போய்விடும். எனவே காப்பாற்றுவதையும் வெளியிடுவதையும் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் கேசட்டை நீங்கள் நகலெடுத்துக் காப்பாற்றுவதில் தயங்க வேண்டாம்.

டேப் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் உடனே பிளேயரில் போடாதீர்கள். அது ஹெட்டில் (பிளேயரில் டேப்பைப் படிக்கும் பகுதி) அப்பி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் உலரவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வெயிலில் வைத்தால் டேப் நெளிந்துவிடும். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு பதியுங்கள். சத்தம் மந்தமாக இருந்தால், டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கும், அல்லது ஹெட் கோணம் மாறியிருக்கும். ஹெட் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பி, சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 60 நிமிடக் கேசட் ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். அட்டையை இருபுறமும் போட்டோ எடுங்கள். பாடியவர், எழுதியவர், ஹட்டி (படுகர் ஊர்) பெயர் எல்லாம் பல சமயம் அதில் மட்டும்தான் இருக்கும். முதல் நகல் பாடியவர் குடும்பத்துக்கு. ஏற்றலாமா என்று அப்போதே கேளுங்கள். எந்த ஹட்டிக்காரர் என்று தெரிந்தால் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது நம் மலையில் இரண்டு போன் காலில் முடிகிற வேலை. "யாரும் கிடைக்கவில்லை" என்று ஏற்றியவர்களில் பலர் தேடவே இல்லை.

கோத்தர் வாசிப்பு, தோடர் பாட்டெல்லாம் யார் போட்டதுன்னே கிடையாது. அதை எடுத்துக்கலாம்தானே?

மெட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லாமல் இருக்கலாம். பதிவுக்கு உண்டு, வாசித்தவருக்கும் உண்டு. அதற்கு மேல் சட்டத்தில் எழுதாத ஒன்றும் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரிடம் கொள் என்ற குழலும் தப்பட்க் என்ற பறையும் சேர்ந்து வாசிக்கும் மெட்டுகளில் தெய்வத்துக்கு உரியவை, சாவுக்கு உரியவை என்று பிரிவு உண்டு. ஒரு சாவு மெட்டை எங்கிருந்தோ இறக்கி ரீல்ஸுக்குப் பின்னணியாகப் போட்டால், அந்த ஊர்க்காரர் காதில் அது எப்படி விழும்? எந்த மெட்டு எதற்கு என்று அவர்களிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

கையில காசே இல்லாத ஸ்டூடன்ட் என்ன பண்றது? கிராக் ஆப் போட்டுக்கிட்டா விளம்பரமும் வராதே?

விளம்பரத்தோடு வரும் இலவச ஆப் போதும். இரண்டு விளம்பரத்துக்கு நடுவே பாட்டு வந்தால், குறைவாக இருந்தாலும் காசு போகிறது. கிராக் ஆப்பில் விளம்பரக் காசும் இல்லை, சந்தாவும் இல்லை. உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை யாரோ ஒருவர் திருத்திய ஆப்பில் அடிக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து ஃபேமிலி ப்ளான் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். ஒரே முகவரியில் வசிப்பவர்களுக்குத்தான் என்பது விதி. மீறினால் கணக்கு முடங்கலாம். கிராக் ஆப்போடு ஒப்பிட்டால் சின்னத் தப்பு. மாணவர் சந்தா பல ஆப்களில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்.

படுக பாட்டுக்காரர்கிட்ட நேரா அனுமதி கேட்டா தப்பா நினைப்பாரா? எப்படிக் கேக்கிறது?

பெரும்பாலும் சந்தோஷப்படுவார். எந்தப் பாட்டு, எங்கே, எவ்வளவு நேரம், காசு வருமா என்ற நாலும் செய்தியில் இருக்க வேண்டும். "அண்ணா, உங்க பாட்டுல முதல் ஒரு நிமிஷத்தை எங்க ஹட்டி பண்டிகை வீடியோவுக்குப் போட்டுக்கலாமா? யூட்யூப்ல ஏத்துவோம், விளம்பரம் வராது, உங்க பேரும் சேனல் லிங்கும் கீழே போடறோம்." பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குரூப்பில் பகிர எம்பி3 அனுப்பாமல் லிங்க் அனுப்புங்கள். "எல்லாருக்கும் அனுப்புங்க" என்று அவரே கோப்பைத் தந்தால் அது வேறு.

இதுவரைக்கும் நாலாயிரம் பாட்டு இறக்கிட்டேன். எல்லாத்தையும் அழிக்கணுமா?

ஒரே நாளில் அழிக்க வேண்டியதில்லை. முதலில், இனி யாருக்கும் ஏற்றிக் கொடுக்காதீர்கள். பிறகு பட்டியலைப் பாடகர் பெயர்ப்படி அடுக்கி, சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களைத் தனியாகப் பிரியுங்கள். இருபது முப்பது பேருக்கு மேல் தேற மாட்டார்கள். அவர்கள் சேனலைத் தேடிச் சந்தாதாரர் ஆகுங்கள், விற்கும் பாட்டு இருந்தால் வாங்குங்கள், இறக்கிய கோப்பை அதற்குப் பிறகு நீக்குங்கள். சினிமாப் பாட்டு எல்லாமே ஏதாவது ஒரு ஆப்பில் இருக்கும், அவற்றை அங்கே கேட்டுக்கொள்ளலாம். கடைசியில் எங்கேயும் கிடைக்காதவை என்று ஒரு ஐம்பது மிஞ்சும். அவற்றுக்குக் கேசட் கேள்வியில் சொன்னதே.